வெடுக்கென்று இழுத்தார், வழக்கு நீண்டது!

மழைக்கோட்டுகளில் 'கோர்-டெக்ஸ்' என்ற பெயரைச் சிலர் பார்த்திருக்கலாம். வெளியே மழை, உள்ளே வியர்வை, இரண்டிலிருந்தும் காப்பாற்றும் துணி. துணியோடு சேர்த்து ஒட்டிய மெல்லிய சவ்வுதான் விஷயம். தொடக்கத்தில் அது எதனால் ஆனதாக இருந்தது? நான்-ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் அதே டெஃப்லான்தான்!

டெஃப்லானை நீட்ட வேண்டுமென்றால் மெதுவாக இழுக்க வேண்டும், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அந்தக் காலத்தில் துறையில் எல்லோரும் நம்பியது இதைத்தான். அமெரிக்காவின் டெலவேரைச் சேர்ந்த ராபர்ட் கோரும் சூடாக்கிய குச்சிகளைப் பதமாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் உடைந்தன. 1969 அக்டோபரில் வெடுக்கென்று இழுத்தார். பத்து மடங்குக்கு மேல் நீண்டது, உடையவே இல்லை. தடிமனும் அவ்வளவாகக் குறையவில்லை. கூடுதல் இடத்தை நிரப்பியது காற்று! அந்த நுண்துளைகள் வழியே நீராவி போகும், நீர்த்துளி போகாது.

1976-ல் காப்புரிமை கிடைத்தது. 1979-ல் கார்லாக் நிறுவனத்தின் மேல் கோர் நிறுவனம் வழக்குப் போட்டது. ஒஹாயோவின் மாவட்ட நீதிமன்றமோ, 'துறை தெரிந்தவர்களுக்கு இது தானாகவே தோன்றியிருக்கும்' என்று காப்புரிமையையே செல்லாதாக்கிவிட்டது. வேகமாக இழுத்ததற்கு ஒரு காப்புரிமையா என்று யாருக்கும் தோன்றும்தானே?

மேல்முறையீட்டில் 1983 நவம்பரில் தலைமை நீதிபதி மார்க்கி எழுதிய தீர்ப்பு இதைப் பிரித்து மேய்ந்தது. விடை தெரிந்த பிறகு பழைய ஆவணங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தால் எந்தக் கண்டுபிடிப்பும் சுலபமாகத்தான் தெரியும். 'மெதுவாக இழு' என்று சொன்ன பகுதிகளைக் கீழ்க்கோர்ட் கண்டுகொள்ளவே இல்லை.

இன்னொரு சுவாரசியம். நியூசிலாந்துக்காரர் ஒருவர் 1966-லேயே டெஃப்லான் நாடாவை நீட்டும் இயந்திரம் செய்து, 1968-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றிருந்தார். ஆனால் எல்லாம் ரகசிய ஒப்பந்தத்தின் கீழ். செய்முறையைப் பூட்டி வைத்துக்கொண்டு நாடாவை மட்டும் விற்றவரைக் காட்டி, ஊருக்குச் சொன்னவரின் உரிமையைப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம். வணிகம் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. காப்புரிமை என்பதே ஒரு பேரம், ரகசியத்தைக் கொடுத்தால்தான் உரிமை.

முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது. முதல் காப்புரிமையின் 1-ஆம் உரிமைக்கோரல் அந்த இயந்திரத்தாலேயே அடிபட்டுப்போனது. மற்றவை பிழைத்தன.

2007-ல் கே.எஸ்.ஆர். வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'எளிதில் தோன்றுவது' என்பதற்கான அளவுகோலைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு வந்திருந்தால் கோர் தோற்றிருப்பாரா? சந்தேகம்தான். துறையே எதிர்த்திசையில் கைகாட்டிக்கொண்டு நின்ற வழக்கு இது.