அக்காடிய மொழியில் வேற்றுமையுருபுகளின் தேய்வு

தைகிரிஸ், யூப்ரடிஸ் என்னும் பேரியாறுகள் இரண்டற்கும் இடைப்பட்ட நாட்டிலே, இற்றைக்கு ஏறக்குறைய 4500 ஆண்டுகட்கு முன்னரே எழுத்தில் அமைந்து, கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதிகாறும் எழுதப்பட்டு வந்தது அக்காடியம் என்னும் மொழியாகும். எபிரேயம், அரபு முதலியவற்றை உள்ளிட்ட செமித்திய இனத்துள் மிகப் பழைய எழுத்துச் சான்றுடையது இதுவே. ஒரு மொழியின் இலக்கணம் திரிந்துவந்த வகையை இருபத்தைந்து நூற்றாண்டளவும் தொடர்ந்து காணும் வாய்ப்பு மிகச் சில மொழிகட்கே வாய்த்துளது. ஆயினும் அச்சான்றுகளை எழுதியவாறே கொள்ளுதல் அமையாது. எழுதுவோர் கை ஒரு நெறியிலும், பேசுவோர் நா மற்றொரு நெறியிலும் சென்ற காலம் அம்மொழி வரலாற்றில் மிக நீண்டதாகலின்.

ஹம்முராபி அரசன் (கி.மு. 1792–1750) காலத்து மொழியே இவ்வாராய்ச்சிக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவது. 1901–02 ஆம் ஆண்டுகளிற் சூசா நகரத்தே அகழ்ந்தெடுக்கப்பெற்று, பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அவனது சட்டக்கல்லிற் பெயர்ச்சொற்கள் வேற்றுமையுருபுகளை ஒழுங்குற ஏற்று நிற்கின்றன. அரசன் என்னும் பொருளுடைய சொல், எழுவாயாங்கால் ‘ஷர்ரும்’ எனவும், செயப்படுபொருளாங்கால் ‘ஷர்ரம்’ எனவும், உடைமைப் பொருளில் ‘ஷர்ரிம்’ எனவும் வரும். ஈண்டு ஈற்றில் நிற்கும் ‘உம்’ தமிழும்மையோடு ஒலியளவில் ஒத்ததன்றிப் பிறிதோர் இயைபுடையதன்று. இத்தகைய ஒப்புமையொன்றே பற்றி இனவுறவு கற்பித்தல் பொருந்தாது.

இவ்வுருபுகளில் முதற்கண் மறைந்தது இறுதி மகரவொற்று. கி.மு. 1500-ஐ அடுத்த காலத்தே ‘ஷர்ரு, ஷர்ர, ஷர்ரி’ என்பனவே எஞ்சின. கி.மு. முதலாயிரத்தாண்டிற் பாபிலோனியர் வரைந்த கடிதங்களில் ‘ஷர்ரு’ என்பதே எழுவாய்க்கும் செயப்படுபொருட்கும் பொதுவாயிற்று. பின்னர் மூன்றாவது உருபும் அவற்றோடு மயங்க, முடிவில் ஈற்றுக் குற்றுயிர்கள் பேச்சினின்றும் அறவே ஒழிந்தன.

இஃது எங்ஙனம் அறியப்பட்டதெனின், எழுத்தர்தம் பிழைகளாலேயே அறியப்பட்டது. செவியில் வேறுபட்டொலிக்கும் மூன்று ஈறுகளை ஓர் எழுத்தன் எளிதின் மயக்கான். ஒலி ஒழிந்து எழுத்துமாத்திரையாய் நின்றவிடத்தன்றோ மயக்கம் நேரும்? ஆப்பெழுத்தில் தனிமெய்க்குக் குறியின்மையும் இதற்குத் துணைச்சான்று தருகின்றது. பிற்காலத்தார் மெய்யீற்றுச் சொல்லை உயிர்மெய்க் குறியால் முடித்தெழுதலாயினர். முன்னர் ‘தும்’ என ஒலித்த குறியையும் மகரமின்றித் ‘து’ எனவே படித்தனர். அலெக்சாந்தர் காலத்திற்குப் பின் மாணாக்கர் எழுதிய களிமண்பலகைகள் சில கிடைத்துள்ளன; அவற்றின் ஒருபுறம் ஆப்பெழுத்தும், மறுபுறம் அதே பாடத்தின் ஒலிப்புக் கிரேக்க எழுத்தாலும் அமைந்துள்ளன. கிரேக்க எழுத்திற் குற்றுயிரீறுகள் காணப்பட்டில. பழைய மரபறியா அயலெழுத்து நாவின் நிலையை மறையாது காட்டிற்று.

ஈறு தேயவே, அது செய்த தொழிலை வேறொன்று ஏற்றல் வேண்டும். அரசனது வீடு என்பதற்கு முன்னர்ப் ‘பீத் ஷர்ரிம்’ எனச் சொற்களை அடுக்குதலே பெருவழக்கு. ‘ஷ’ என்னும் இடைச்சொல்லை நடுவே பெய்து ‘பீது ஷ ஷர்ரி’ என்றாற்போல உரைத்தல் காலஞ்செல்லச் செல்லப் பெருகிற்று. இந்த ‘ஷ’ தானும், சார்கோன் மரபினர் ஆண்ட கி.மு. 24, 23 ஆம் நூற்றாண்டுகளில், ‘ஷு, ஷ, ஷி’ என வேற்றுமைக்கேற்பத் திரிந்த சொல்லாகும். பின்னர் ஒரு வடிவிலே உறைந்தது. இருமையெண்ணும் கண், கை போன்ற இணையுறுப்புக்களின் அளவிற் சுருங்கிற்று. வினை ஈற்றில் நிற்றலாகிய சொல்லொழுங்கோ சுமேரிய மொழியின் கூட்டுறவால் முன்னரே வேரூன்றியது.

வினைச்சொல்லிலும் திரிபு உண்டு. பிரித்தல் என்னும் வினைக்கு ‘இப்ருஸ்’, ‘இப்தரஸ்’ என இறந்தகால வடிவங்கள் இரண்டு. பழைய கடிதங்களில் முன்னிகழ்ந்தவற்றை முதல் வடிவாற் கூறி, அவற்றின் முடிபாய் அண்மையில் நிகழ்ந்ததை இரண்டாவதாற் கூறினர். பின்னர் உடன்பாட்டுத் தலைமைவாக்கியம் முழுதும் ‘இப்தரஸ்’ வடிவிற்கே உரியதாக, ‘இப்ருஸ்’ பெரும்பாலும் எதிர்மறையிலும் சார்புவாக்கியத்திலும் ஒதுங்கிற்று. பேசுவோர் இதனாற் பொருள் விளங்காது இடர்ப்பட்டாரல்லர். ஆதலின் இதனைச் சிதைவென்று இகழ்தல் தகாது.

ஆயினும் அந்நாட்டுக் கற்றோர் பழமையை விட்டாரல்லர். சுமேரிய வினைகளையும் அவற்றிற்கேற்ற அக்காடிய வினைகளையும் நிரைப்படுத்திய பட்டியல்கள் அவர்தம் பள்ளிகளில் வழங்கின. தம்மொழியை விரித்துரைக்கும் இலக்கணநூல் செய்தாராகத் தெரியவில்லை. காவியங்கட்கும் வழிபாட்டுப் பாடல்கட்கும் பழைய நடையை ஒட்டிய செந்நடையொன்றைப் போற்றினர். இரண்டாம் நெபுகாத்நேசர் (கி.மு. 605–562) தன் கல்வெட்டுக்களை ஹம்முராபி காலத்து எழுத்துருவினைப் பின்பற்றியே பொறிப்பித்தான். ஆயிரத்தாண்டுக்கு முன்னர் வழக்கொழிந்த மகரவீறும் அவற்றில் மீண்டும் தலைகாட்டுகின்றது.

இதற்கிடையே அரமேயம் வீட்டிலும் கடைத்தெருவிலும் பரவிற்று. அசீரிய வேந்தனாகிய இரண்டாம் சார்கோனுக்கு (கி.மு. 721–705) ஊர் நகரத்து அலுவலாளன் ஒருவன், அரமேய மொழியிற் கடிதம் வரைய ஒப்புதல் வேண்டினான், வேந்தன் மறுத்து, அக்காடியத்திலேயே எழுதப் பணித்தான். அவ்விடைக்கடிதம் இன்றும் உளது. ஆணை கடிதத்தைக் கட்டிற்றேயன்றி நாவைக் கட்டவில்லை. பேச்சுவழக்கு ஒழிந்தபின்னும் கோயில்களைச் சார்ந்த எழுத்தரும் வான்கணிதரும் பலகை வரைந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டிற்குரிய கடைசிப் பலகைகள் கோள்நிலை கூறும் கணிதக் குறிப்புக்களே. அவற்றிற் பெரும்பாலான சொற்கள் பழைய சுமேரியச் சொற்குறிகளால் எழுதப்பட்டமையின், வேற்றுமையீறு எழுதுதற்கு இடமே இருந்திலது.