அண்ணன் காரில் ஒரு செயற்கைக்கோள் வானொலி

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டி கிடைத்தது. யாருக்காவது நினைவிருக்கிறதா?

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆப்பிரிக்காவுக்கு 1998-இல் ஆப்ரிஸ்டார், நமக்கு 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் என இரண்டு செயற்கைக்கோள்கள். இங்கே ஏ.ஆர்.ரகுமான் இசையோடு விளம்பரம் வந்தது. நாங்களும் சந்தா கட்டினோம்.

அண்ணனுக்கு அதைக் காரிலும் கேட்க ஆசை. அமெரிக்காவில் ஓடும் காருக்கென்றே எக்ஸ்எம், சிரியஸ் வந்திருந்தன. கட்டடங்கள் மறைத்தாலும் பாட்டு அறாதிருக்க, நகரங்களில் தரைக் கோபுரங்களும் வைத்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. புது ஸ்டீரியோ வாங்கக் காசும் இல்லை. கேசட் வடிவ அடாப்டரைக் கார் டேப்பில் செருகி, அதன் ஒயரைப் பெட்டியின் ஹெட்போன் துளையில் மாட்டினார். ஆன்டெனா டேஷ்போர்டில். வண்டியைக் கிழக்கு பார்த்து நிறுத்தினால் அருமையாகப் பாடும். தெரு திரும்பினால் மௌனம்! கோயிலுக்குப் போனாலும் இறங்காமல் காரிலேயே உட்கார்ந்திருப்பார். அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2008-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் சேவை நின்றது. அன்றிரவு காரைக் கிழக்கு நோக்கி நிறுத்திக் கடைசிவரை கேட்டார் அண்ணன். அவர் போய் ஆறு வருடமாகிறது. பெட்டியைக் காயலான் கடையில் போட மனம் வரவில்லை. துடைத்துத் திரும்பப் பரணிலேயே வைத்துவிட்டேன்.