சம்பளம் இல்லாத கவர்னர்கள்

"ஏதாவது டெக்னிக்கலாக எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். டெக்னிக்கலாகவே ஆரம்பிக்கிறேன். கவர்னர் என்றதும் நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு டைனமிக்ஸ் லேபில் சுழன்ற இரும்புக் குண்டுகள்தான் ஞாபகம் வரும். வாட், போர்ட்டர், ஹார்ட்னெல் என்று வைவாவில் நம்மை வியர்க்க வைத்தவை அவை. மற்ற பிராஞ்சுக்காரர்களுக்குக் கிண்டி மாளிகை ஞாபகம் வரலாம். இங்கிலாந்தில் மூன்றாவதாக ஒரு கவர்னர் உண்டு. வேலை விஷயமாக நான் அங்கே இருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் சில நாட்கள் ஐந்து மணிக்கே ஃபைலை மூடிவிட்டு "கவர்னர்ஸ் மீட்டிங்" என்று கிளம்பிவிடுவார். பிறகுதான் தெரிந்தது, மனிதர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கவர்னர்!

நம்மூர் கரஸ்பாண்டென்ட் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கரஸ்பாண்டென்ட் என்றால் பள்ளியை நிறுவியவராக இருப்பார், இல்லாவிட்டால் அவர் மாப்பிள்ளையாக இருப்பார். அங்கே பெற்றோர், ஆசிரியர், ஊர்க்காரர் என்று பல தரப்பாரும் சேர்ந்த குழு. பெரும்பாலும் நான்கு வருடப் பதவி, சம்பளம் ஒரு பென்னி கிடையாது. ஹெட்மாஸ்டரைத் தேர்ந்தெடுப்பது, வரவு செலவு பார்ப்பது, பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று கேட்பது இவர்கள் வேலை. இங்கிலாந்தில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர் இப்படி உழைக்கிறார்கள்.

இதன் கதை 1870-ல் தொடங்குகிறது. ஃபார்ஸ்டர் கொண்டுவந்த கல்விச் சட்டம், வரி கட்டுகிற மக்களே தேர்தல் மூலம் 'ஸ்கூல் போர்டு' அமைக்கலாம் என்றது. பார்லிமென்ட் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலம் அது. ஆனால் ஸ்கூல் போர்டுக்குப் பெண்களும் நிற்கலாம். லண்டன் போர்டின் முதல் தேர்தலில் டாக்டர் எலிசபெத் காரெட் 47,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கி மேரிலிபோனில் முதலிடம் பிடித்தார். கர்ட்டன் கல்லூரியை நிறுவிய எமிலி டேவிஸும் விஞ்ஞானி ஹக்ஸ்லியும் அதே போர்டில் உறுப்பினர்கள். பள்ளிக்கூட நிர்வாகம் என்றால் ஏதோ சில்லறை வேலை என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

1902-ல் போர்டுகளைக் கலைத்துவிட்டு, அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தார்கள். 1944-ல் பட்லரின் சட்டம் ஆரம்பப் பள்ளிக்கு 'மேனேஜர்கள்', உயர்நிலைப் பள்ளிக்கு 'கவர்னர்கள்' இருக்க வேண்டும் என்றது. கூடவே, பல பள்ளிகளைச் சேர்த்து ஒரே குழுவின் கீழ் வைக்கலாம் என்றும் ஒரு வாசல் திறந்து வைத்தது. விடுவார்களா? பல ஊர்களில் ஒரே குழு டஜன் கணக்கில் பள்ளிகளைக் 'கவனித்தது'. அதாவது, எதையும் கவனிக்கவில்லை.

இப்படிப் பேருக்கு நடந்துகொண்டிருந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை உலகத்துக்குக் காட்டியது லண்டன் இஸ்லிங்டனில் இருந்த வில்லியம் டிண்டேல் ஜூனியர் பள்ளி. 1974-ல் அங்கே புதிய ஹெட்மாஸ்டர் வந்தார். எதைப் படிப்பது, எப்போது படிப்பது என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே முடிவு செய்யலாம் என்று அவரும் சில ஆசிரியர்களும் புதுமுறை ஒன்றை ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு வாசிக்கவே வரவில்லையே என்று பயந்த பெற்றோர் பலர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

மேனேஜர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். பள்ளி நடைமுறையையும் பாடத்தையும் மேற்பார்வை பார்க்கிற பொறுப்பு விதிப்படி அவர்களுடையதுதான். ஆனால் ஒரு பள்ளி சரியாக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, ஹெட்மாஸ்டர் ஒத்துழைக்கவில்லை என்றால் அடுத்து யார் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லண்டன் கல்வி அதிகாரிகளிடம் போனார்கள். உருப்படியான பதில் வரவில்லை. கடைசியில் சில மேனேஜர்கள் ஊருக்குள் கையெழுத்து வேட்டைக்கே இறங்கிவிட்டார்கள். ஆசிரியர்களோ, பள்ளி நேரத்தில் மேனேஜர்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். 1975 செப்டம்பரில் அதிகாரிகள் ஒருவழியாக இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் அனுப்பியபோது ஆசிரியர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ராபின் ஆல்ட் என்ற வழக்கறிஞர் விசாரித்து, 1976 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். ஹெட்மாஸ்டர், ஆசிரியர்கள், மேனேஜர்களில் சிலர், கல்வி அதிகாரிகள் என்று ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. என்னைக் கேட்டால், முதல் குற்றவாளி அதிகாரிகள்தான். பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கருவியைக் கொடுக்காமல் விட்டவர்கள் அவர்களே. பிரஷர் கேஜ் இல்லாத பாய்லரிடம் ஆளை நிறுத்திவிட்டு, வெடித்த பிறகு அவனைக் கேள்வி கேட்டால் நியாயமா?

இதற்கு முன்பே டெய்லர் கமிட்டி உட்கார்ந்திருந்தது. 1977-ல் அது சொன்னது: ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் குழு வேண்டும், அதில் கல்வி அதிகாரிகள் தரப்பு, ஆசிரியர்கள், பெற்றோர், ஊர்ப் பொதுமக்கள் நால்வருக்கும் சம பங்கு வேண்டும். 1980-ல் வந்த சட்டம் மேனேஜர் என்ற பெயரை எடுத்துவிட்டு எல்லாரையும் கவர்னர் ஆக்கியது, பெற்றோருக்கும் இடம் கொடுத்தது. 1986 சட்டத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு வருகிறது. ஒவ்வொரு கவர்னருக்கும் தேவையான தகவலையும் பயிற்சியையும் இலவசமாகக் கொடுப்பது கல்வி அதிகாரிகளின் கடமை என்று எழுதி வைத்தார்கள். (எது தேவை என்று தீர்மானிப்பதும் அதே அதிகாரிகள்தான், அது வேறு கதை.) வருடம் ஒரு முறை பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும் என்ற பிரிவு மட்டும் வேலைக்காகவில்லை. பல பள்ளிகளில், வந்த பெற்றோரைவிட உட்கார்ந்திருந்த கவர்னர்கள் அதிகம்! 2005-ல் அதை எடுத்தே விட்டார்கள்.

பயிற்சி கொஞ்சம் சூடு பிடிப்பதற்குள் 1988 வந்துவிட்டது. பள்ளியின் பட்ஜெட்டும், ஆளை எடுக்கவும் நிறுத்தவும் அதிகாரமும் கவர்னர்கள் கைக்கு வந்தன. நேற்றுவரை ஆண்டு விழாவில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தவர், இன்றைக்கு சம்பளப் பட்டியல் பார்க்க வேண்டும். சிலர் பயந்து ஹெட்மாஸ்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் எதிர்த்திசையில் போய், தினமும் பள்ளிக்குள் நுழைந்து சாக்பீஸ் எண்ணினார்கள். சென்சிடிவிட்டி அதிகமானால் கவர்னர் 'ஹன்டிங்' செய்யும் என்று படித்தோமே, அதேதான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, இடித்துச் சொல்லும் நண்பனாக ஒருவரைப் பழக்கக் காலம் பிடிக்கும். அதற்குப் பயிற்சி வகுப்பு மட்டும் போதாது. சட்டம் தெரிந்து மினிட்ஸ் எழுதும் ஒரு நல்ல கிளார்க் வேண்டும். ஹெட்மாஸ்டர் தருவதைத் தவிர வேறு இடத்திலிருந்தும் கணக்கு விவரம் கிடைக்க வேண்டும். முக்கியமாக, நேரம் வேண்டும். அங்கே 1996-ன் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிக் கவர்னராக இருக்கும் ஊழியருக்கு நியாயமான அளவு பர்மிஷன் கொடுக்கச் சொல்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடு என்று மட்டும் சொல்லவில்லை. 2010-க்குப் பிறகு அகாடமிகள் பெருகி, பல பள்ளிகளை ஒரே டிரஸ்ட் நடத்துகிறது. அங்கே உள்ளூர்க் குழுவுக்கு டிரஸ்ட் விட்டுக்கொடுத்த அதிகாரம்தான். 1944-ல் திறந்த வாசல் வேறு பெயரில் மறுபடி திறந்ததாகவே எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டிலும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 21-ம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 1870-ன் லண்டன்காரர்களே பொறாமைப்படும் ஏற்பாடு. பள்ளியைக் கண்காணிக்க வேண்டும், வளர்ச்சித் திட்டம் போட வேண்டும், மானியம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்று வேலைப் பட்டியலும் அந்தப் பிரிவில் இருக்கிறது. பயிற்சி என்ற சொல் மட்டும் அதில் இல்லை. பயிற்சி நடந்தால், அது திட்ட நிதியையும் அதிகாரியின் ஆர்வத்தையும் பொறுத்த விஷயம்.

அந்தக் குழுக்களில் இருப்பவர்களில் பலர் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிற அம்மாக்கள், அப்பாக்கள். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் அரை நாள் சம்பளம் போகும். நம் சீனியர்களில் தொழிற்சாலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். ஷிப்டில் இருக்கும் ஃபிட்டரோ ஹெல்ப்பரோ "பள்ளிக்கூடத்துக் கமிட்டி மீட்டிங் சார்" என்று வந்து நின்றால், சம்பளத்தோடு பர்மிஷன் ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.