குளப்பட்டியும் ஆவுளியாவும்

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்தான். கண்மாயும் குளமும் இல்லையென்றால் இங்கே வெள்ளாமை இல்லை. அவை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்ததற்குப் பழையவர்களின் கட்டுமானத் திறனைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்கிறோம். நீர் திறந்துவிடக் குளங்களுக்குள் எழுப்பி இன்றும் நிற்கும் குமிழித் தூண்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் தூர் வாராத குளத்தை எந்தத் திறனும் காப்பாற்றாது. தூர் வாரக் காசு வேண்டும். அந்தக் காசைத் தமிழகத்துக் கல்வெட்டுக் காலச் சமூகம் அரசரின் கருவூலத்தில் மட்டும் தேடவில்லை. பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி, குளப்பட்டி என்று நிலம் விட்டது. குளத்து மீனால் வந்த பாசிப்பாட்டத்தைக் கரை வேலைக்கே ஒதுக்கியது. அதாவது, குளம் தன் செலவைத் தானே சம்பாதித்தது.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் இப்போது வேறொன்றைக் காக்க வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசு காப்பகமாக அறிவித்தது. மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்கு கடற்புல்லை மேய்வது. இதற்கான திட்டத்துக்கு மத்திய அரசு தந்த பணத்தில் ஒரு பங்கு ‘காம்பா’ நிதியிலிருந்து வந்தது. காட்டை வேறு உபயோகத்துக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத்தொகைதான் அந்த நிதி. எங்கோ காடு அழிந்தால்தான் இங்கே கடற்புல்லுக்குப் படி அளக்க முடியும் என்பது விசித்திரமான கணக்கு. வந்த பணத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நிரந்தர வருவாயாக நினைப்பதுதான் பிழை.

குளங்களைக் காத்த பழைய ஏற்பாட்டைப் புகழ்வது வெறும் ஏக்கம் என்று சிலர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. குளத்து நீர் நிலக்காரனுக்குப் பாய்ந்தது, மண்வெட்டி பலசமயம் நிலமில்லாதவன் கையில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான ஊர் வேலைக்கு வராதவர்மேல் அபராதம் போடும் அளவுக்குப் போனது. ஆகவே கடன் வாங்க வேண்டியது அந்த உழைப்பு முறையை அல்ல, வருவாயையும் பராமரிப்பையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்ட முறையை.

ஆவுளியாவைக் குத்தகைக்கு விட முடியாதே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். விலங்கின் பேரில் பணம் திரட்ட வேறு வழியும் உண்டு: 2022இல் உலக வங்கி தென்னாப்பிரிக்காவின் காண்டாமிருகத்துக்காக 15 கோடி டாலர் பத்திரம் வெளியிட்டது; எண்ணிக்கை பெருகினால் முதலீட்டாளருக்குக் கூடுதல் தொகை. கலங்கிய கடலில் எண்ணுவதற்கே அரிதான விலங்குக்கு அந்த வழி பொருந்தாது. கடற்புல் பரப்பையோ அளக்கலாம்; பணத்தை அதோடு இணைக்கலாம். செலவை யார் தருவது என்பதற்கும் இங்கேயே முன்னுதாரணம் உண்டு. கடலோர இறால் பண்ணைகள் பற்றிய 1996ஆம் ஆண்டு வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையில் லாபம் பார்க்கும் தொழில்களிடம் ஆண்டுதோறும் ஒரு பங்கு வாங்கி, வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு அறுத்த வலையின் முழு விலையைத் தரலாம். இப்போது கிடைக்கும் பாராட்டும் பரிசுத்தொகையும் ஒரு நாள் மரியாதை. வலை அவருக்கு முதலீடு. இத்தகைய காப்பகத்துக்கு ஊராட்சிப் பிரதிநிதிகளையும் சேர்த்து நிர்வாகக் குழு அமைக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் அந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கும் வேலை தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை சொல்வது. மணமேல்குடி, அம்மாபட்டினக் கரை மீனவர் அந்தப் பங்கை வசூலிக்கவும் செலவழிக்கவும் முதலில் திருத்த வேண்டியது சட்டத்தின் அந்த விதியைத்தான்.