ஆண்பனை பெண்பனை ஆன ஊரிலிருந்து: பறையும் கூத்தும் யார் பக்கம் நின்றன?

செய்யாற்றில் பிறந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், வேதபுரீஸ்வரர் கோயில் பனைமரக் கதையைச் சொல்வார்கள். திருவோத்தூர் என்று பழம்பெயர் கொண்ட நம் ஊருக்குத் திருஞானசம்பந்தர் வந்தார். அடியார் ஒருவர் நட்ட பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகிக் காய்க்காமல் நின்றன. சம்பந்தர் பதிகம் பாடினார், ஆண்பனைகள் பெண்பனைகளாகிக் குலை தள்ளின. பெரியபுராணம் சொல்லும் கதை இது. ஒரு பாட்டு ஆணைப் பெண்ணாக்கியதை அற்புதம் என்று கொண்டாடும் ஊர் நம்முடையது.

அதே ஊரின் பேருந்து நிலையத்தில் ஒரு திருநங்கை இறங்கி நடந்தால் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். மரம் மாறினால் தலபுராணம், மனுஷி மாறினால் கேலி.

இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆண்பனைகளைக் காட்டிக் கேலி செய்தவர்கள் சமணர்கள் என்றும், பாட்டு அவர்களைத் தோற்கடித்தது என்றும்தான் புராணம் சொல்கிறது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் இன்றும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. அதாவது நம் ஊரின் மிகப் பழைய இசைக் கதையிலேயே பாட்டு ஒரு தரப்பை எடுத்துக்கொண்டுதான் ஒலிக்கிறது. "கலைக்குக் கட்சி கிடையாது" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைவுபடுத்துங்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் மண்ணின் பாட்டும் கூத்தும் மேளமும் பால், பாலின ஒடுக்குமுறைக்கு ஆளானவர்களோடு எப்போது நின்றன, எப்போது விலகி நின்றன?

மேடை அனுமதித்தது, தெரு அனுமதிக்கவில்லை

செய்யாறு பக்கத்தில்தான் புரிசை இருக்கிறது. தெருக்கூத்து என்றதும் உலகமே பெயர் சொல்லும் ஊர். கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை அங்கிருந்து வெளிநாட்டு மேடைகள் வரை கூத்தைக் கொண்டுபோனது. நம் வட்டாரக் கூத்தில் நெடுங்காலம் திரௌபதியாக நின்றவர்கள் ஆண்கள்தான். விடிய விடிய சேலை கட்டி, கூந்தல் விரித்து, துகில் உரியப்படும்போது அவர் அழுதால் ஊரே அழும். ஊர்ப் பெண்கள் அந்தத் திரௌபதியைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஆனால் பொழுது விடிந்து வேஷம் கலைந்த பிறகும் அந்த நடையும் குரலும் ஒருவரிடம் மிச்சம் இருந்தால், அவருக்கு வேறு பெயர் வைப்பார்கள். அரவான் களப்பலிக் கூத்தை நாம் பார்த்திருக்கிறோம். சாகப்போகும் அரவானை மணந்துகொள்ளப் பெண் கிடைக்காமல் கிருஷ்ணனே பெண்ணாகி வருகிறான். கூவாகத்தில் சித்திரை மாதத்தில் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, கும்மி பாடி, மறுநாள் தாலி அறுத்து ஒப்பாரி வைப்பது அந்தக் கதையின் தொடர்ச்சிதான். கதையில் ஒரு இரவு இடம் உண்டு. மற்ற நாட்களுக்கு வாடகை வீடு கிடையாது, வேலை கிடையாது. நம் மரபு பெண்வேடத்தை ஏற்றுக்கொண்டது, பெண்ணாக வாழ்வதை ஏற்கவில்லை. "எங்கள் பண்பாட்டில் எல்லாம் இருக்கிறது" என்று பெருமை பேசும் முன் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

பாடினால் இரண்டு வருடச் சிறை

1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் பற்றி நம் தோழர்கள் பலரும் படித்திருப்பீர்கள். கள்ளர், குறவர் என்று முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்த சட்டம் என்றுதான் நாம் அதை அறிவோம். சென்னை மாகாணத்துக்கு அது 1911-இன் திருத்திய வடிவில் வந்தது. ஆனால் 1871 சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. வட இந்தியாவில் ஹிஜ்ராக்களைக் காவல்துறைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான பகுதி அது. அப்படிப் பதிவு செய்யப்பட்டவர் பெண் உடையில் பொதுத் தெருவில் தோன்றினாலோ, பொது இடத்தில் ஆடினாலோ, இசைக்கருவி வாசித்தாலோ பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். இரண்டு ஆண்டு வரை சிறை.

கவனியுங்கள், அந்தச் சட்டம் ஆட்டத்தையும் வாத்தியத்தையும் பெயர் சொல்லித் தடுத்தது. பாடி ஆடித்தான் அவர்கள் பிழைத்தார்கள், பாடி ஆடித்தான் மக்கள் முன் மதிப்போடு நின்றார்கள் என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சமூகத்தை ஒழிக்க அதன் மேளத்தைப் பிடுங்கினால் போதும் என்று கணக்குப் போட்டான். "குற்றப் பரம்பரை" என்ற முத்திரையும் பாலினத்தைக் குற்றமாக்கிய முத்திரையும் ஒரே சட்டத்தின் இரண்டு பகுதிகள். அன்று ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டவர்களை இன்று நாம் ஏன் தனித்தனி என்று நினைக்கிறோம்?

தலை மாறிய அம்மனும் மஞ்சம்மாவும்

ஆரணி, போளூர் பக்கத்துக்காரர்களுக்குப் படவேடு ரேணுகாம்பாளைத் தெரியாமல் இருக்காது. பம்பையும் உடுக்கையும் அடித்து ரேணுகையின் கதையைப் பாடுபவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தாயின் தலையை வெட்டிய பரசுராமன் அவளை மீண்டும் உயிர்ப்பிக்கும்போது, உயர்சாதிப் பெண்ணின் தலை தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடலில் பொருந்திவிட்டது என்று மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. சாதியும் உடலும் குழம்பிப்போன ஒரு தெய்வம் அவள்.

கர்நாடகத்தில் அவளே எல்லம்மா. சவதத்தியில் உள்ள எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்டு, பெண்ணாக வாழ்ந்து, சௌடிகை மீட்டிப் பாடுபவர்கள் ஜோகப்பாக்கள். பலரும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். நேர்ந்துவிடும் வழக்கத்தில் சுரண்டல் இருந்தது. அதனால்தான் 1982-இல் கர்நாடகம் அதைத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழக்கத்தை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்காரர்களின் மனித மதிப்பை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

அவர்களில் ஒருவர் மஞ்சம்மா ஜோகதி. வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிச்சை எடுத்து, காளவ்வா ஜோகதியிடம் ஜோகதி ஆட்டம் கற்றவர். 2019-இல் கர்நாடக ஜானபத அகாடமியின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் திருநங்கை அவர். 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்கச் சென்றபோது, குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்துக்குத் தன் முந்தானையால் திருஷ்டி சுற்றிப் போட்டார். தலித் சமூகத்திலிருந்து வந்த ஒரு குடியரசுத் தலைவருக்கு ஒரு நாட்டுப்புறத் திருநங்கைக் கலைஞர் திருஷ்டி கழித்த அந்தக் காட்சியை இந்தியாவே பார்த்தது.

கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ஜோகப்பாக்களோடு ஒரே மேடையில் அமர்ந்து பாடினார். சபா உலகத்தின் வாசலைத் தாண்டி வந்ததற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் செய்தித்தாள்களில் எந்தப் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆதரவுக் குரல் கொடுப்பவரின் புகழ், பல நூறு ஆண்டுகளாகப் பாடிவருபவரின் பெயரை மறைத்துவிடக் கூடாது.

பறை யாருடையது?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பறை நம்மீது சுமத்தப்பட்ட தொழிலாக இருந்தது. சாவு வீட்டில் அடிக்க மறுத்தவர்கள் அடிபட்டார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டார்கள். அதனால் "பறையைக் கீழே போடு" என்று ஒரு தலைமுறை சொன்னது நியாயம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990-களில் தலித் கலை விழாக்களில் அதே பறை விடுதலைக் கருவியாக மேடையேறியதும் நியாயம். ஆண்கள் மட்டும் அடித்துவந்த பறையைத் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் கையில் எடுத்தார்கள். பெண் பறையடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அன்றும் கேட்டார்கள். இன்று எந்தக் கல்லூரியிலும் பறையடிக்கும் மாணவியைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

2009 ஜூன் மாதம் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பேரணிகளில் பறை ஒலித்தது. சாவுக்கு மட்டும் அழைக்கப்பட்ட கருவி, உயிரோடு இருப்பதைக் கொண்டாடுபவர்களுக்கு முன்னால் நடந்தது.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதரின் "சாதிபேதமற்ற" என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு. கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. அதே இயக்கத்தின் பா. இரஞ்சித் 2022-இல் "நட்சத்திரம் நகர்கிறது" படத்தை எடுத்தார், இசை டென்மா. சாதி மறுப்புக் காதலையும் ஒருபால் காதலையும் ஒரு திருநங்கையின் காதலையும் ஒரே நாடகக் குழுவுக்குள், ஒரே தரையில் உட்கார வைத்த படம் அது. ஆணவக் கொலை செய்யும் கை எந்தக் காதலையும் விட்டுவைப்பதில்லை என்பதை அது சொன்னது.

இந்தச் சிந்தனைக்கு வழி காட்டியவர் லிவிங் ஸ்மைல் வித்யா. தலித் குடும்பத்தில் பிறந்த திருநங்கை, நாடகக் கலைஞர், எழுத்தாளர். திருநங்கை வெறுப்பும் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமே என்று அவர் வாதிட்டார். பிறப்பால் உன் இடம் முடிவாகிவிட்டது, அதை மாற்ற உனக்கு உரிமை இல்லை என்பதுதானே இரண்டின் அடிப்படையும்?

கடல் கடந்த ஒரு நாட்டுப்புறம்

அமெரிக்காவில் "கன்ட்ரி" என்று ஓர் இசை உண்டு. வெள்ளைக்கார விவசாயிகளின் இசை, பழமைவாதிகளின் இசை என்று பெயர். ஆனால் அதன் உயிரான பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகள் உருவாக்கிய வாத்தியம். 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள்தான் கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று விற்பனைக்காகப் பிரித்தன. கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற வானொலி மேடையின் முதல் கறுப்பின நட்சத்திரமான டிஃபோர்ட் பெய்லி 1941-இல் வெளியே அனுப்பப்பட்டார்.

அதே இசையில், 1973-இல் பேட்ரிக் ஹேகர்ட்டி என்ற பால்பண்ணைக்காரர் மகன் "லாவண்டர் கன்ட்ரி" என்ற தொகுப்பை வெளியிட்டார். தன்னை ஒருபால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் கன்ட்ரி தொகுப்பு. அச்சானது ஆயிரம் பிரதிகள். அடுத்த நாற்பது ஆண்டுகள் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014-இல் மறுபடி வெளியானபோது முதுமையில் மேடை ஏறினார். 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டை, "இதில் கன்ட்ரி போதாது" என்று பில்போர்டு அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு அவர் தன் பாலீர்ப்பை வெளியில் சொன்னார், அதே ஆண்டு கன்ட்ரி உலகின் விருதும் வாங்கினார்.

2023 மார்ச்சில் டென்னசி மாநிலம், எதிர்ப்பாலின வேடமிட்டு ஆடும் நிகழ்ச்சிகளைப் பொது இடங்களில் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. 1871 நினைவுக்கு வருகிறதா? அந்த மாதமே, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் மேரன் மோரிஸ், ஜேசன் இஸ்பெல், அலிசன் ரஸ்ஸல் உள்ளிட்ட பாடகர்கள் பெரிய அரங்கில் கூடி, அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பாடி நிதி திரட்டினார்கள். தங்கள் ரசிகர்களில் பாதிப் பேர் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே பாடினார்கள். வெளிப்படையான ஆதரவு என்றால் அதுதான். இழப்பதற்கு ஏதாவது இருக்கும்போது வாய் திறப்பது.

"முதலில் சாதி, பிறகு மற்றது"

நம் கூட்டங்களில் இந்த வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னை மாற்றியது இடஒதுக்கீட்டுக் கேள்வி.

தமிழ்நாட்டில் 2015-இல் திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். பாலினத்தைச் சாதி போலக் கணக்கிட்டார்கள். அப்படியானால் ஒரு தலித் திருநங்கை என்ன செய்வார்? பட்டியல் சாதி என்று சொன்னால் திருநங்கை என்ற அடையாளத்துக்குப் பயன் இல்லை. திருநங்கை என்று சொன்னால் சாதியால் இழந்ததற்கு ஈடு இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனி இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் கிடைமட்ட இடஒதுக்கீட்டின் பக்கமே தீர்ப்பளித்தது.

இந்தக் கோரிக்கை தலித் கோரிக்கையா, திருநங்கை கோரிக்கையா? பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் அதைக் கேட்பவர் ஒரே ஆள். "முதலில் சாதி" என்று நாம் சொல்லும்போது, சேரியிலிருந்து துரத்தப்பட்ட நம் பிள்ளையைப் பார்த்து "நீ கொஞ்சம் காத்திரு" என்கிறோம். காத்திரு என்ற சொல்லை நம்மிடம் யார் சொல்லிவந்தார்கள் என்று நமக்குத் தெரியாதா?

எனவே கலைக்குழு வைத்திருக்கும் தோழர்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் பறைப் பயிற்சிக்குத் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் அழையுங்கள், பார்வையாளராக அல்ல, அடிப்பவராக. உங்கள் வீதி நாடகத்தில் திருநங்கையைச் சிரிப்புக்கான பாத்திரமாக வைக்கும் காட்சியை இன்றே நீக்குங்கள். அவர்களை மேடைக்கு அழைத்தால் மற்றவர்களுக்குத் தரும் அதே சம்பளத்தைக் கொடுங்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 14 அண்ணல் பிறந்தநாள். ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். 2008-இல் நலவாரியம் அமைந்த நாள் அது. 2014-இல் உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்பில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்ததும் அதே நாள்தான். அந்தத் தீர்ப்பு நின்றது அண்ணல் எழுதிய அரசியல் சட்டத்தின் 14, 15, 19, 21 பிரிவுகளின் மேல்.

இரண்டு நாளுக்கும் நடுவே ஓர் இரவுதான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் 14-ஆம் தேதி ஊர்வலம் முடிந்ததும் பறையை உறையில் போட்டுவிடுகிறோம். இந்த முறை செய்யாற்றில் அதை உறையில் போட வேண்டாம். விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம், ஓர் இரவு விழித்திருப்பது நமக்குப் புதிதல்ல. மறுநாள் காலையும் அதே பறை ஒலிக்கட்டும்.

ஜெய்பீம்.