விடிஆர்எல் சீட்டும் மாட்டு இதயமும்

குழந்தை பெற்ற வீடுகளில் பீரோவுக்குள் ஒரு பழைய ஃபைல் கிடக்கும். மனைவி உண்டாகியிருந்தபோது எடுத்த பரிசோதனைச் சீட்டுகள். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை என்று வரிசையாகப் போய், ஒரு மூலையில் 'விடிஆர்எல் - நான் ரியாக்டிவ்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. அது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை. நம் ஊரில் மேகப்புண், பறங்கிப் புண் என்றெல்லாம் சொல்வார்கள்.

உடனே முகம் சுளிக்க வேண்டாம் :-) கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைச் செய்கிறார்கள். தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாகக் கிருமி சிசுவுக்குப் போகும், கவனிக்காவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடலாம், நேரத்தோடு பென்சிலின் ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம் என்பதுதான் காரணம். கணக்குத் தொடங்க வருபவர் எல்லோரிடமும் நாங்கள் கேஒய்சி கேட்கிறோமே, யார் மேலும் சந்தேகப்பட்டா கேட்கிறோம்?

நான் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் எங்கள் கிளையில் ஒரு தம்பி இருந்தார். கும்பகோணத்துப் பக்கம். லேக் மார்க்கெட் அருகே குடித்தனம். மனைவிக்கு மூன்றாம் மாதம். ஒரு நாள் மதியம் சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். 'ரியாக்டிவ் 1:4'. "அண்ணா, நான் எங்கேயும் போனதில்ல. அப்படின்னா..." என்று நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணும் வீட்டில் இதே கேள்வியை இவரிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. கோரமண்டலில் ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டாளாம்.

அவர்கள் கதைக்கு அப்புறம் வருகிறேன். அந்தச் சோதனை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அந்தச் சீட்டை எவ்வளவு நம்பலாம் என்று புரியும். பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் விஷயம் கணக்குப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியக்கூடியது.

1495-ல் நேப்பிள்ஸ் நகரைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது இந்த நோய் ஐரோப்பாவில் கொள்ளை நோயாக வெடித்தது. இத்தாலிக்காரர் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், ரஷ்யர்கள் போலந்து நோய் என்றார்கள். யாருமே தன் கணக்கில் பற்று வைக்கச் சம்மதிக்கவில்லை. நாமும் பறங்கியர் தலையில் எழுதினோம். 16-ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவபிரகாசத்தில் இதன் பெயர் 'பிரங்க ரோகம்'. இதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்குதான் சித்த மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை.

கிருமி கண்ணில் பட்டது 1905-ல்தான். பெர்லினில் ஃபிரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் இருவரும் புண்ணிலிருந்து எடுத்த நீரில் திருகாணி போல நெளியும் கிருமியைக் கண்டார்கள். ஆனால் இந்த நோயில் ஒரு சூது இருக்கிறது. முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானாக ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்பு வரும், உள்ளங்கை உள்ளங்காலில் கூட. அதுவும் மறையும். அப்புறம் பல வருடம் ஒன்றுமே தெரியாது. புண் இல்லாதவரிடம் கிருமியை எங்கே தேடுவது? ரத்தத்தில்தான் தடயம் பார்க்க வேண்டும்.

1906-ல் ஆகஸ்ட் வாசர்மன், ஆல்பர்ட் நைசர், கார்ல் புருக் மூவரும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சிபிலிஸால் இறந்து பிறந்த சிசுவின் ஈரலில் கிருமி மண்டிக் கிடக்கும். அந்த ஈரலின் சாற்றோடு நோயாளியின் ரத்த நீரைச் சேர்த்தால், கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த பொருள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தர்க்கம் கச்சிதம். சோதனையும் வேலை செய்தது!

மறு வருடமே குட்டு உடைந்தது. வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனரும் (ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே ஆள்) சகாக்களும், கிருமியே இல்லாத ஆரோக்கியமான விலங்கின் இதயச் சாற்றிலும் இதே முடிவு வருகிறது என்று காட்டினார்கள். அதாவது சோதனை கிருமியைக் கண்டுபிடிக்கவே இல்லை. நோயில் சிதையும் திசுக்களிலும் கிருமியின் உறையிலும் இருக்கும் ஒரு கொழுப்புக்கு எதிராக உடம்பு செய்வதைத்தான் அது காட்டியது. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் படித்திருப்பீர்கள், இருப்பாய்வு சரியாக டேலி ஆகும், உள்ளே ஈடுசெய் பிழை உட்கார்ந்திருக்கும். அது போலத்தான்.

1941-ல் மேரி பாங்பர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி மாட்டு இதயத்திலிருந்து அந்தக் கொழுப்பைத் தனியே பிரித்து கார்டியோலிபின் என்று பெயர் வைத்தார். அதோடு லெசிதினும் கொலஸ்டிராலும் சேர்த்து, 1946-ல் அமெரிக்க அரசின் பால்வினை நோய் ஆய்வுக்கூடத்தில் எளிய சோதனையாக்கினார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் விடிஆர்எல். இந்தியாவுக்கு இந்தக் கரைசலைப் பல காலம் தயாரித்துக் கொடுத்த இடங்களில் முக்கியமானது இங்கே கிட் ஸ்ட்ரீட்டில் உள்ள செரலாஜி இன்ஸ்டிட்யூட். பூண்டு வெங்காயம் கூடச் சேர்க்காத மாமிகளின் ரத்தமும் மாட்டு இதயச் சாற்றோடு கலந்துதான் வந்திருக்கிறது. மாமிகளுக்குத் தெரிய வேண்டாம்.

சிரிப்பை விடுவோம். கொழுப்பைத் தேடும் சோதனை என்பதால் மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்றவற்றிலும், சில சமயம் வெறும் கர்ப்பத்திலும் அது ரியாக்டிவ் காட்டும். 1935-ல் கனெக்டிகட் மாநிலம் கல்யாணத்துக்கு முன் இந்த ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது, தொடர்ந்து பல மாநிலங்கள். பென்சிலின் வராத காலம். சீட்டில் பாசிட்டிவ் என்று வந்தால், ஒரு குறியும் இல்லாவிட்டாலும், வாரா வாரம் ஆர்சனிக், பிஸ்மத் ஊசிகள், ஒரு வருடத்துக்கும் மேல். எத்தனை பேர் இல்லாத நோய்க்கு விஷம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், எத்தனை நிச்சயதார்த்தம் முறிந்திருக்கும்!

1949-ல் நெல்சனும் மேயரும் உயிருள்ள கிருமியையே வைத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பொய் பாசிட்டிவ்கள் நிரூபணமாயின. அப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஜோசப் மூர், அவர்களில் பலருக்குப் பின்னாளில் லூபஸ் வந்ததை 1955-ல் எழுதினார். 1960களில் டிபிஹெச்ஏ என்ற சுலபமான உறுதிச் சோதனை வந்தது.

நம் தம்பிக்கு வருவோம். இருவரையும் ஒரு மூத்த பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசினார். டிபிஹெச்ஏ எழுதினார், இருவருக்கும். நாலு நாளில் இருவருக்கும் நெகட்டிவ். 1:4 போன்ற குறைந்த அளவு பொய்யாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அளவை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, உறுதிச் சோதனை அவசியம் என்றார். ஆறு மாதம் தாண்டியும் ரியாக்டிவாகவே இருந்தால் லூபஸையும், அடிக்கடி கருக்கலைப்பு உண்டாக்கும் இன்னொரு ரத்தக் கோளாறையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் சீட்டு கொடுத்த இடத்தில் இதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். டிக்கெட்டைக் கேன்சல் செய்த வகையில் நஷ்டம் வேறு.

உறுதிச் சோதனையும் பாசிட்டிவ் என்றால்? அப்போதும் ஆரம்ப நிலையில் பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை, நாட்பட்டது என்றால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம். 1943-ல் ஜான் மஹோனி நான்கு நோயாளிகளுக்கு முதன்முதலாகப் பென்சிலின் கொடுத்ததிலிருந்து இன்றுவரை இந்தக் கிருமி அதற்கு மசியாமல் போனதில்லை. கர்ப்பிணிக்குப் பென்சிலின்தான் வேண்டும், வேறு மாத்திரை போதாது. கணவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. பிறகு விடிஆர்எல் அளவு நாலில் ஒன்றாகக் குறைகிறதா, உதாரணமாக 1:32 என்பது 1:8 ஆகிறதா என்று பார்ப்பார்கள்.

டிபிஹெச்ஏவும், இப்போது விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் உடனடிச் சோதனையும், நோய் முழுதும் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டும். மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நம் போன்றவர்கள் சிகிச்சை எடுத்த சீட்டைத் தொலைத்துவிட்டால், அடுத்த ஊர் டாக்டரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.