கல்லறைக்குள் போன வெள்ளித் தாயத்து

யூதேயா மலைநாட்டில் வெள்ளி கிடைப்பதில்லை. எருசலேமில் புழங்கிய வெள்ளி, கடல் வணிகர் கைமாறி வெளியிலிருந்து வந்தது. நாணயம் பரவாத காலம் என்பதால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, தராசில் நிறுத்துத்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ, அந்த வெள்ளியில் கொஞ்சம் ஒரு தட்டாரின் பட்டறைக்குப் போனது. அங்கே அதை இரண்டு மெல்லிய தகடுகளாகத் தட்டினார்கள். ஒன்று 97 மில்லிமீட்டர் நீளம், 27 மில்லிமீட்டர் அகலம். மற்றது 39க்கு 11. கூர்முனையால் பழைய எபிரெய எழுத்தில் சில வரிகளைக் கீறி, நடுவில் கயிறு நுழைய வழிவிட்டுச் சுருட்டினார்கள். தாயத்துக் கட்டிப் பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். உள்ளே இருக்கும் தகட்டை யாரும் பிரித்து வாசிப்பதில்லை. உடம்பில் பட்டுக்கொண்டு கிடந்தால் போதும்.

கீறிய வரிகளில் ஒரு பகுதியை இன்றைக்கும் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில், 24 முதல் 26 வரையிலான வசனங்களில், ஆரோனும் அவன் மக்களும் இஸ்ரவேலரை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று மோசேக்குச் சொல்லப்படுகிறது. எபிரெயத்தில் மொத்தமே 15 சொற்கள். முதல் வரியில் 3, அடுத்ததில் 5, அதற்கடுத்ததில் 7. கடவுள் ஆசி தரட்டும், காக்கட்டும் என்று தொடங்கி, அவர் முகத்தின் ஒளி படட்டும், கிருபை கிடைக்கட்டும், அவர் முகம் திரும்பிப் பார்க்கட்டும், சமாதானம் வரட்டும் என்று அது விரிகிறது. காவலும் மகிமையும் ஒரே மூச்சில் வருகின்றன. மேகம், நெருப்பு, இடி என்று மகிமையைப் பிரமாண்டமாகக் காட்டும் இடங்கள் எபிரெய வேதத்தில் நிறைய உண்டு. இங்கே அது ஒரு முகத்தின் வெளிச்சமாகச் சுருங்கி, ஒரு மனிதர் பக்கம் திரும்புகிறது. கழுத்தில் தொங்கவிட ஏற்ற அளவு அதுதான் என்று நினைக்கிறேன்.

யாருடைய கழுத்து? சிறிய தகட்டின் தொடக்கத்தில் ஒரு பெயரின் வால் மட்டும் தேறியிருக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்ல அது போதாது. ஆனால் அணிந்தவரின் பயம் என்ன என்று அதே தகடு சொல்கிறது: கடவுளைத் தீமையை அதட்டி விரட்டுபவர் என்று அது அழைக்கிறது. பெரிய தகட்டில் உடன்படிக்கையையும் இரக்கத்தையும் காப்பவர் என்ற தொடர் வருகிறது; உபாகமம் 7ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு அது பழகிய தொடர்.

அணிந்தவர்கள் இறந்தபோது தாயத்துகளும் கூடவே போயின. எருசலேம் பழைய நகருக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில், பாறையைக் குடைந்து செய்த குடும்பக் கல்லறைகள் இருந்தன. இன்னோம் நல்ல பெயரெடுத்த இடம் அல்ல. பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்த தோப்பேத்து அங்கே இருந்ததென்று எரேமியா சபித்த பள்ளத்தாக்கு அது. கல்லறைக்குள் கல் திண்ணை, அதிலே தலைக்குக் குழிவு. உடலைக் கிடத்திவிடுவார்கள். தசை மக்கிய பிறகு அடுத்தவருக்கு இடம் வேண்டுமே! எலும்புகளையும் உடன் வைத்த பொருள்களையும் அள்ளித் திண்ணைக்கு அடியிலுள்ள அறையில் முன்னோரின் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். தாயத்துகளும் அப்படி அள்ளப்பட்டவைதான்.

கி.மு. 586 வாக்கில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை நகரத்தைக் கொளுத்தியது, ஆலயம் சாம்பலானது. அந்த ஆசியை ஆசாரியர்கள் கைதூக்கிச் சொன்ன இடமே இல்லாமல் போனபோது, அதன் இரண்டு பிரதிகள் பிணங்களுக்கு நடுவே பத்திரமாக இருந்தன. இதில் அதிசயம் தேட வேண்டியதில்லை. காரணம் பாறைதான். அந்த அறையின் மேற்பாறையிலிருந்து ஓர் அடுக்கு பெயர்ந்து விழுந்து உள்ளே இருந்ததை மூடிக்கொண்டது. பின்னால் வந்த கல்லறைத் திருடர்கள் அதையே தரை என்று நம்பித் திரும்பிவிட்டார்கள்.

1979இல் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் காப்ரியேல் பார்க்காய், ஸ்காட்லாந்துக்காரர்களின் புனித அந்திரேயா தேவாலயத்தை ஒட்டி அங்கே அகழ்ந்தார். புகைப்படம் எடுப்பதற்காக அறையைச் சுத்தம் செய்ய ஒரு சிறுவனை விட்டிருந்தார்கள். பையன் சும்மா இருக்காமல் சுத்தியலால் தட்ட, ‘தரை’ உடைந்தது. அடியிலிருந்து சுமார் 1,000 பொருள்கள் வந்தன: முழுசாக 263 மண்பாண்டங்கள், நகைகள், அம்புமுனைகள், 95 பேருக்குக் குறையாதவர்களின் எலும்புகள். இவற்றுக்கு நடுவே இரண்டு வெள்ளி உருளைகள். சின்னது மண்ணைச் சலித்தபோதுதான் அகப்பட்டது.

பிரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 2,500 ஆண்டு ஈரத்தில் வெள்ளி அரித்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தது. இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வெளிப்புறத்துக்குத் தாங்கலாக ஒரு படலம் பூசி, கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். மூன்று ஆண்டு பிடித்தது. விரித்த தகட்டில் முதலில் கண்ணில் பட்டது கடவுளின் திருப்பெயரின் நான்கு எழுத்துகள். எழுத்துகளின் கீறல் தலைமயிர் அளவே இருந்ததால் சிலர் அவற்றை மிகவும் பிற்காலத்தவை என்று கணித்துப் பார்த்தார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஒளியிழை விளக்குகளைப் பல கோணங்களில் பாய்ச்சிப் புதுப் படங்கள் எடுத்து, 2004இல் பார்க்காயுடன் சேர்ந்து வெளியிட்ட பிறகு பழைய காலக் கணிப்பே வலுப்பெற்றது. வேதப் பிரதிகள் அடங்கிய சாக்கடல் சுருள்களில் மிகப் பழையவற்றைவிடவும் இவை நூற்றாண்டுகள் மூத்தவை.

தகடு மண்ணுக்கடியில் கிடக்க, சொற்கள் தம் வழியே நடந்துகொண்டிருந்தன. ஆலயத்திலிருந்து ஜெபாலயத்துக்கு; 1520களில் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் தம் ஆராதனை முறையின் முடிவுக்கு இந்த ஆசியை எடுத்துக்கொண்டார்; அவர் வழி வந்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1719இல் இறக்கும் முன் பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கினார். எண்ணாகமம் அதற்குள் அடக்கம்.

தகடுகள் கிடைத்ததால் எண்ணாகமம் என்ற நூல் அன்றே முழுமையாக இருந்தது என்று சிலர் குதிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாது. சிறிய தகட்டில் வேதத்தில் உள்ளபடி மூன்று வரியும் இல்லை. முகம் ஒளிர்வதிலிருந்து நேராகச் சமாதானத்துக்குத் தாவிவிடுகிறது. குறுகிய வடிவம்தான் மூத்தது, பிறகு வளர்ந்தது என்பார் உண்டு. முழு வடிவத்தை எழுதியவரே சுருக்கினார் என்பாரும் உண்டு. 11 மில்லிமீட்டர் அகலத் தகட்டில் கூர்முனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரை நினைத்துப் பார்த்தால், நான் இரண்டாவது கட்சி.